சமைப்பவர் நிரப்ப வேண்டியது

பெயர் என்ற இடத்தில் கலியபெருமாள் என்று எழுதியாகிவிட்டது. வயது ஐம்பத்தொன்பது. நோயாளிக்கு என்ன உறவு, கணவர். அவ்வளவுதான், அதற்குமேல் கை ஓடவில்லை. பேனாவில் குறை இல்லை, எப்போதும் சட்டைப் பையில் இருக்கிற என் பேனாதான், முந்தாநாள் அட்மிஷன் தாள்களில் ஏழு இடத்தில் கையெழுத்துப் போட்டது. அடுத்த வரிதான் முறைக்கிறது. ‘சமைப்பவர் நிரப்ப வேண்டியது’ என்று தடித்த எழுத்தில் போட்டு, அதற்குக் கீழே மூன்று நாளைக்கு மூன்று வரிசை, காலை, மதியம், இரவு, கடைசியில் ‘சமைத்த முறை’ என்று அகலமாக ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை எந்தப் புண்ணியவான் யோசித்துப் போட்டானோ. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் சொல்லிவிட்டுப் போகலாம், எப்படிச் சமைத்தாய் என்று எதற்குக் கேட்கவேண்டும். ஆஸ்பத்திரி இரண்டாவது மாடி, லிஃப்டுக்கும் வார்டுக்கும் நடுவில் போட்டிருக்கிற இரும்பு நாற்காலி, என் பக்கத்தில் ஒரு அம்மா முறுக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறாள், ஒவ்வொரு கடிக்கும் நான் வரியைத் தவறவிடுகிறேன். டயட்டீசியன் பெண் ஷகிலா பானு தாளைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டாள். “ஆன்ட்டி சமைக்கிறது இல்லையாமே அங்கிள், நீங்கதானாமே. அப்ப ரெண்டாவது பக்கம் நீங்கதான் எழுதணும். பன்னெண்டு மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துருவாரு, அதுக்குள்ள குடுத்துருங்க.” மணி பதினொன்று பத்து. ஐம்பது நிமிஷம். முப்பது வருஷம் துவாக்குடி பக்கம் ஒரு பாய்லர் உதிரிபாகக் கம்பெனியில் வெல்டிங் பரிசோதகனாக இருந்து, ஒரு நாளைக்கு நாற்பது தாள் நிரப்பியவன் நான். ஒரு தாளுக்கு ஐம்பது நிமிஷம் என்றால் என் பழைய மேனேஜர் சிரித்தே செத்துப்போவார்.

கோமளா உள்ளே பன்னிரண்டாம் கட்டிலில் படுத்திருக்கிறாள். இங்கிருந்து கண்ணாடிக் கதவு வழியாக அவள் கால் மட்டும் தெரிகிறது, போர்வைக்கு வெளியே இடது பாதம், அதில் கட்டைவிரல் அசைந்துகொண்டே இருக்கிறது. அசைந்தால் சரி. திங்கட்கிழமை பள்ளிக்கூட ஆபீஸில் சம்பளப் பட்டியலைத் தலைமையாசிரியர் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பியவள் அப்படியே மடிந்து விழுந்திருக்கிறாள். இருபது வினாடியோ முப்பது வினாடியோ, எழுந்து உட்கார்ந்து “ஏன் எல்லாரும் கூட்டமா நிக்கிறீங்க” என்று கேட்டிருக்கிறாள். இங்கே கொண்டுவந்து நெஞ்சில் வயரை ஒட்டினால் அன்று ராத்திரிக்குள் இரண்டு தடவை இதயம் தாறுமாறாக ஓடி, தானாகவே அடங்கி, பழைய தாளத்துக்கு வந்திருக்கிறது. டாக்டர் ஃபெலிக்ஸ் நேற்று ஆஞ்சியோ பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “ரத்தக் குழாய் எல்லாம் சுத்தமா இருக்கு. அடைப்பே கெடையாது. ஏன் துடிப்பு தப்புதுன்னுதான் புரியல. காரணம் தெரியலன்னா நெஞ்சுத் தோலுக்கு அடியில ஒரு பெட்டி வெச்சுடறதுதான் பாதுகாப்பு. மறுபடி தப்பா ஓடுனா அது உள்ளயே ஷாக் குடுத்து நிறுத்தும்.” அந்த ஷாக் வலிக்குமா என்று கேட்டேன். குதிரை உதைத்த மாதிரி இருக்கும் என்று சிலர் சொல்வார்களாம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அதிலிருந்து நெஞ்சில் உதைத்துக்கொண்டே இருக்கிறது. நாளைக் காலை எட்டு மணிக்குப் பெட்டி. அதற்கு முன்னால் வேறு காரணம் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று கடைசியாக ஒரு தடவை பார்க்கவேண்டுமாம், அதற்குத்தான் இந்தத் தாள். அதாவது காரணம் இந்தத் தாளில் இருந்தால் பெட்டி வேண்டாம். இல்லை என்றால் அவள் ஆயுசு முழுக்க நெஞ்சில் ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு, எப்போது உதைக்குமோ என்று நடப்பாள்.

காரணம் இந்தத் தாளில் இருக்கிறது. எனக்குத் தெரியும். நேற்றே தெரியும். நேற்று ஆஞ்சியோ அறைக்கு வெளியே நின்றபோது எதிர்ச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது, இதயத்தைச் சிவப்பாக வரைந்து, சுற்றிலும் கீரை, பருப்பு, வாழைப்பழம், எள், நிலக்கடலை, மீன் என்று படம். உடம்புக்குக் கொஞ்சமே கொஞ்சம் வேண்டிய தாதுக்கள், ஆனால் அந்தக் கொஞ்சமும் இல்லையென்றால் இதயத் தசை தாளம் தப்பும் என்று எழுதி, மெக்னீசியம், பொட்டாசியம், செம்பு, செலினியம் என்று ஒரு வரிசை. அதைப் படித்துக்கொண்டே வந்தேன், வேலை இல்லாதவன் கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பதுபோல. கடைசி வரி இதுதான். இவற்றில் பல, தண்ணீரில் கரைந்து போகும். காய் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். நான் திரும்பி நின்றுகொண்டேன். போஸ்டருக்கு முதுகைக் காட்டி ஒரு மணி நேரம் நின்றேன். நின்றால் அது இல்லாமல் போய்விடுமா. அந்த வரி என் முதுகில் படிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது.

காய் வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவது என் வேலை. எட்டு வருஷமாக அதைத்தான் செய்கிறேன், அதுவும் ஒழுங்காகச் செய்கிறேன். கம்பெனியை மூடினார்கள், நான் வீட்டுக்கு வந்தேன், அதே மாதம் அப்பாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்றார்கள். கோமளா வேலைக்குப் போகவேண்டும். நான் போவதற்கு இடமில்லை. ஆகவே அடுப்படி எனக்கு வந்தது. சிறுநீரக டாக்டர் ஒரு தாள் கொடுத்தார், அச்சடித்த தாள், செய்யவேண்டியது பச்சையில், கூடாதது சிவப்பில், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறாமல் இருக்க. கீரை கூடாது, வாழைப்பழம் கூடாது, இளநீர் பக்கமே போகாதே, தக்காளி கூடாது, பருப்பு அளந்து ஒரு கரண்டி. காயை நறுக்கி வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊறப்போடு, கொட்டு, நிறையத் தண்ணீரில் வேகவை, கொட்டு, அதற்குப் பிறகுதான் தாளிப்பு. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். எழுதியிருப்பதைச் செய்வேன், எழுதாததைச் செய்யமாட்டேன், அதுதான் என் தொழில், அதில் ஒருத்தனும் என்னைக் குறை சொன்னதில்லை. குடிதண்ணீருக்குச் சுத்திகரிக்கிற மெஷின் மாட்டி, கரைந்திருக்கிற உப்பை அளக்கிற மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் பதினெட்டு காட்டும், பக்கத்து வீட்டில் இருநூறு. பதினெட்டு என்று நான் சொல்லித் திரிந்திருக்கிறேன். மாதா மாதம் அப்பாவின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அந்த டாக்டர் ஒரு நாள் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டார். “பொட்டாசியம் இவ்வளவு அழகா நிக்குதே, யாரு சமைக்கிறா, மருமகளா?” நான்தான் சார் என்றேன். “கலக்கிட்டீங்க” என்றார். ஐம்பத்தொன்பது வயதில் எனக்கு நினைவிருக்கிற பாராட்டு அந்த ஒன்றுதான். முப்பது வருஷக் கம்பெனியில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், பேச்சு எதுவும் இல்லை.

முதலில் இரண்டு சமையல்தான். அப்பாவுக்கு வேறு, எங்களுக்கு வேறு. அப்பா சாப்பிடும்போது எங்கள் தட்டைப் பார்ப்பார். பார்க்காத மாதிரி பார்ப்பார், முருங்கைக்காய் சாம்பாரின் வாசனை வந்தால் மூக்கு மட்டும் அந்தப் பக்கம் திரும்பும், கண் சுவரில் இருக்கும். அதைக் கவனித்தது நான் இல்லை, கோமளாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து, “என்னங்க, எனக்கும் மாமாவுக்கு வெச்சதையே போட்டுருங்க. அவரு பாக்குறப்ப எனக்கு எறங்க மாட்டேங்குது” என்றாள். சரி, நானும் அதையே சாப்பிடுகிறேன் என்றேன். இரண்டு பாத்திரம் கழுவும் வேலை மிச்சம் என்று நினைத்தேன், மனசாட்சியோடு சொன்னால் அதைத்தான் நினைத்தேன். அப்பா ஆறு வருஷம் இருந்தார். டயாலிசிஸ் பண்ணுகிறவர் ஆறு வருஷம் இருப்பது பெரிய விஷயம் என்றார்கள், நானும் பெரிய விஷயம்தான் என்று நினைத்தேன், அதில் என் பங்கு எவ்வளவு என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன், குறைத்துப் போடவில்லை. அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்தத் தாளைக் கிழிக்கவேண்டும் என்று தோன்றவில்லை. யாரும் நிறுத்து என்று சொல்லவில்லை, நிறுத்து என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. காலையில் எழுந்தால் காயை ஊறப்போடவேண்டும். ஊறப்போட்டால் பத்தரைக்கு வடிக்கவேண்டும். வடித்தால் மறுபடி உலை. அந்த வேலை இருந்ததால்தான் அந்த இரண்டு வருஷம் ஒரு நாளும் மதியம் பன்னிரண்டு மணிக்கு முன்னால் எனக்கு அழுகை வந்ததில்லை. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது.

முறுக்கு தீர்ந்துவிட்டது, அந்த அம்மா காகிதத்தைக் கசக்கிக்கொண்டே, “உங்க வீட்டம்மாவுக்கா?” என்றாள். ஆமாம் என்றேன். “ஹார்ட்டா?” ஆமாம். “எண்ணெயா சாப்பிடுவாங்களா?” இல்லைம்மா, எண்ணெயே கிடையாது. “பின்ன எப்படி வந்துச்சு?” என்று அவள் பாட்டுக்குக் கேட்டுவிட்டு எழுந்து போனாள். மணி பதினொன்று இருபத்தைந்து. எப்படி வந்தது. சொல்லிக்கொண்டேதான் வந்தது. இரண்டு வருஷமாகக் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்பாள், படுக்கையிலிருந்து எழுந்து ஒற்றைக் காலில் நிற்பாள், நான் தைலம் தேய்த்துவிடுவேன், தேய்த்துவிடுகிறேன் என்பதில் எனக்கொரு பெருமையும் உண்டு. இமை துடிக்கிறது என்பாள். எந்தக் கண் என்று கேட்பேன். இடது என்பாள். பொம்பளைக்கு இடது துடித்தால் நல்ல சேதி வரும், பூனாவில் இருக்கிற நம் பொண்ணு சம்பந்தம் ஏதோ பேசப்போகிறாள் என்று கேலி செய்வேன். ஒரு வாரம் துடித்தது, ஒரு மாதம் துடித்தது, இவ்வளவு நல்ல சேதி யாருக்கு வரும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. பொண்ணு லீவுக்கு வந்தால் என் கூட்டை வாயில் வைத்துவிட்டு, “அப்பா, இது ஆஸ்பத்திரிச் சாப்பாடு, ஆனா பேஷன்ட்தான் யாரும் இல்ல” என்பாள். அவள் சிரிப்பாள், கோமளா சிரிக்கமாட்டாள். ஏன் சிரிக்கமாட்டாள் என்றால் அதற்கும் நான்தான் காரணம். அப்பாவின் வருஷத் திதி முடிந்த கையோடு ஒரு நாள், சுரைக்காய்க் கூட்டு, “கொஞ்சம் சப்புன்னு இருக்குங்க” என்று சொன்னாள், அவ்வளவுதான் சொன்னாள். நான் தட்டைக்கூடக் கழுவாமல் எழுந்துபோய் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. என்ன பெரிய தப்பைச் சொல்லிவிட்டாள். உப்பு போதவில்லை என்று உலகத்தில் எல்லாப் பெண்டாட்டியும் எல்லாப் புருஷனுக்கும் சொல்கிறார்கள், எனக்கு மட்டும் யாரோ என் அப்பாவை இன்னொரு தடவை எடுத்துக்கொண்டுபோன மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் அவள் தட்டில் இருந்ததை மிச்சமில்லாமல் தின்றுவிட்டு “நல்லா இருக்கு” என்றாள். அன்றிலிருந்து தினமும் நல்லா இருக்கு. நானும் நம்பினேன். நம்பினேனா.

தாளைத் திருப்பினேன். முதல் பக்கத்தை இதுவரை நான் படிக்கவில்லை, அது நோயாளி சொன்னதை டயட்டீசியன் எழுதிக்கொண்டது, எனக்கு அதில் வேலை இல்லை என்று திருப்பிவிட்டேன். கேள்விக்குக் கேள்வி ஷகிலா பானுவின் உருண்டை எழுத்து. கீரை: வாரம் மூன்று முறை, முருங்கைக்கீரை, அரைக்கீரை. பழம்: தினம் ஒரு வாழைப்பழம். பருப்பு: தினமும். கடலை, எள்: அடிக்கடி. இளநீர்: ஞாயிறுதோறும். குடிநீர்: கிணற்று நீரைக் கொதிக்கவைத்து. நான் மறுபடி பெயரைப் பார்த்தேன், கட்டில் எண்ணைப் பார்த்தேன், வேறு யாருடைய தாளோ மாறி வந்துவிட்டது என்று. கோமளவல்லி, ஐம்பத்தைந்து, கட்டில் பன்னிரண்டு. கீழே குறிப்பு என்று ஒரு வரி: கணவர் பார்த்துப் பார்த்துச் சமைத்துக் கொடுப்பதாகச் சொல்கிறார். எங்கள் வீட்டில் கிணறே கிடையாது. நெஞ்சில் வயர் ஒட்டியிருக்க, ராத்திரி இரண்டு தடவை இதயம் ஓடிப்போய்த் திரும்பி வந்திருக்க, மல்லாந்து படுத்துக்கொண்டு, அந்தச் சின்னப் பெண்ணிடம் வாயில் வந்த கீரையையெல்லாம் சொல்லியிருக்கிறாள். எதற்கு. எனக்காக. அவளுக்கும் தெரிந்திருக்கிறது. முப்பது வருஷம் ஆபீஸ் பார்த்தவள், கேள்வி எந்தப் பக்கம் போகிறது என்று இரண்டாவது கேள்வியிலேயே பிடித்திருப்பாள். பிடித்துவிட்டு, அந்தக் கேள்வி என்னிடம் வந்து சேராமல் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டாள். இவள் நன்றாகச் சாப்பிடுகிறவள் என்று டாக்டர் நம்பிவிட்டார், சாப்பாட்டில் குறையில்லை, ஆகவே காரணம் தெரியவில்லை, ஆகவே பெட்டி. அடிப் பாவி. பெட்டியை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொள்கிறேன், உங்கள் சமையலைப் பற்றி ஒருத்தரும் ஒன்றும் சொல்லக்கூடாது என்கிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்து, குடிக்காமல் உட்கார்ந்தேன்.

அவள் எனக்கு வழி போட்டுக் கொடுத்துவிட்டாள், அதுதான் இப்போது தொந்தரவு. முதல் பக்கத்தில் இருப்பதை இரண்டாம் பக்கத்தில் அப்படியே எழுதினால் முடிந்தது, இரண்டு பேர் வாக்குமூலமும் ஒன்றாக இருக்கும். பெட்டி ஒன்றும் கெட்டதில்லை, எத்தனையோ பேர் வைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள், டாக்டரே பாதுகாப்பு என்றுதானே சொன்னார். வெள்ளி, மதியம், முருங்கைக்கீரைப் பொரியல். எழுதிவிட்டேன். என் கை எழுதிவிட்டது, எவ்வளவு சுலபமாக எழுதுகிறது, முருங்கை என்பதில் ஒரு எழுத்துகூட நடுங்கவில்லை. பக்கத்தில் சமைத்த முறை, வதக்கியது. கம்பெனியில் ஒரு தடவை, ஏற்றுமதி லாரி வாசலில் நிற்கிறது, ஒரு வெல்டில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, மேனேஜர் என் தோளில் கைபோட்டு, கையெழுத்தைப் போட்டுவிடு கலியபெருமாள், யார் பார்க்கப்போகிறார்கள் என்றார். நான் போடவில்லை. லாரி ஒரு நாள் நின்றது. அதைக் கோமளாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், அவள் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்பாள். இரும்புக்கே போடாத பொய்க் கையெழுத்து. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பாதம் தெரிகிறதா, தெரிகிறது, விரல் அசையவில்லை. அசையவில்லை. எழுந்து கதவருகே போய் நின்றேன். தூங்குகிறாள், மேலே திரையில் பச்சைக் கோடு ஓடுகிறது, ஓடிக்கொண்டே வந்து ஓரிடத்தில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு குதித்தது, பிறகு ஒரு வெற்றிடம், நான் மூச்சை விடவில்லை, மறுபடி ஓடுகிறது. சிஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன். அந்த வெற்றிடத்தை நான் வடிதட்டில் ஊற்றியிருக்கிறேன், ஒவ்வொரு நாளும் பத்தரை மணிக்கு.

அப்படியானால் எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை. அதே சோறு, அதே கூட்டு, அதே பதினெட்டுத் தண்ணீர். நேற்றிலிருந்து இந்த இடத்துக்கு வந்து வந்து திரும்பிப் போகிறேன். ஒருவேளை காரணம் சாப்பாடு இல்லையோ என்று இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் தப்பிக்கப் பார்த்தேன், எனக்கு ஆகவில்லையே, அப்படியென்றால் சமையலில் குறையில்லையே என்று. அவளுக்கு பிரஷர் மாத்திரை உண்டு, சிறுநீர் நிறையப் போகவைக்கிற மாத்திரை, எனக்கு இல்லை, அது ஒரு வித்தியாசம், சரி. இன்னொரு வித்தியாசம் இருக்கிறது. தினமும் காலை ஒன்பது மணிக்கு மறுநாளைக்குக் காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போகிறேன். மார்க்கெட் முனையில் பழக்கடை. பூவன்பழம் இரண்டு, நின்றபடியே. அதற்கு அடுத்து இளநீர் வண்டி, வழுக்கையோடு ஒன்று. திரும்பும்போது வறுத்த கடலைப் பொட்டலம், பஸ் ஸ்டாப்பில் நின்று தீர்த்துவிட்டு, தோலைத் தட்டிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அப்பா இருந்தபோது ஆரம்பித்தது, அவர் எதிரில் தின்னக்கூடாது என்று வெளியே தின்றேன், அது நியாயம். அவர் போனபிறகு ஏன் வெளியே. எனக்கு வாய் கேட்டது. என் சமையல் சப்பென்று இருக்கிறது என்று என் நாக்குக்குத் தெரிந்திருந்தது, அதை அவள் சொன்னதற்குத்தான் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். ஒரு பழம் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கலாம். ஒரே ஒரு பழம். கொண்டுவந்தால் தாளில் சிவப்பில் எழுதியதை நானே மீறியதாகிவிடும், அதனால் கொண்டுவரவில்லை, வயிற்றில் மட்டும் கொண்டுவந்தேன். என்ன மனுஷன் நான். பிறத்தியாருக்குத் தாள், எனக்கு மார்க்கெட்.

மணி பதினொன்று ஐம்பது. வெள்ளி மதியம் முருங்கைக்கீரை என்பதன்மேல் கோடு போட்டேன். கிறுக்கி அழிக்கக்கூடாது, குறுக்கே ஒரே கோடு, கீழே இருப்பது படிக்கும்படி தெரியவேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பம், அதுதான் முறை. அதற்குமேல் எழுதினேன். வெள்ளி, சுரைக்காய், இரண்டு மணி நேரம் ஊறவைத்துக் கொட்டியது, வேகவைத்துக் கொட்டியது. சனி, உருளைக்கிழங்கு, அதே. ஞாயிறு, பீன்ஸ், அதே. சோறு, வடித்தது, கஞ்சி கீழே. பருப்பு, ஒரு கரண்டி, வடித்தது. கீரை இல்லை. பழம் இல்லை. இளநீர் இல்லை. தண்ணீர், மெஷின், மீட்டர் அளவு பதினெட்டு. எட்டு வருஷமாக இப்படித்தான். என் தகப்பனாருக்குக் கொடுத்த தாளின்படி. அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. முதல் பக்கத்தில் நோயாளி சொன்னது உண்மை இல்லை. கட்டங்கள் தீர்ந்து, ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை இருந்தது. சமைப்பவர் தினமும் வெளியில் வாழைப்பழம், இளநீர், கடலை சாப்பிட்டு வந்தார், மனைவிக்கு வாங்கி வரவில்லை. இதை யாரும் கேட்கவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டேன், முழுக் கையெழுத்து.

டாக்டர் ஃபெலிக்ஸ் பன்னிரண்டாம் கட்டிலருகே நின்றபடி தாளைப் படித்தார். முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம். ஷகிலா பானு அவர் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். கோமளா விழித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, கண்ணாலேயே வேண்டாம் என்றாள். “ஏம்மா, கீரையெல்லாம் சாப்பிடறேன்னீங்களே” என்றார் டாக்டர். “சாப்பிட்டிருப்பேன் டாக்டர், எப்பவாச்சும்.” “எப்ப?” அவள் போர்வை நுனியைச் சரிசெய்தாள். டாக்டர் தாளைத் தொடையில் தட்டிக்கொண்டார். “பொட்டாசியம் கொஞ்சம் கம்மியாத்தான் இருந்துச்சு. பிரஷர் மாத்திரையாலன்னு நெனச்சு அதுக்கு மட்டும் மருந்து குடுத்தேன். மெக்னீசியம் நான் பாக்கவே இல்ல. நல்லா சாப்பிடறவங்கன்னு விட்டுட்டேன். மாத்திரை பாதிய எடுத்துட்டுப் போயிருக்கு, மிச்சத்த வடிதட்டு எடுத்துட்டுப் போயிருக்கு.” சிஸ்டரிடம் திரும்பினார். உடனே ரத்தம் எடுங்கள், மெக்னீசியம், மற்ற தாதுக்களும். ஒரு பாட்டில் டிரிப்ஸ் இன்றே போடுங்கள். நாளைக்குப் பெட்டி வேண்டாம், தள்ளிப் போடுங்கள். “இதுதான் காரணம்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன்” என்றார் என்னிடம். “ஆனா துடிப்பு அடங்குச்சுன்னா பெட்டியே தேவைப்படாது. எழுதுனது நல்லதாப் போச்சு.”

“அந்தத் தாள இப்படிக் குடுங்க” என்றாள் கோமளா. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆபீஸில் பட்டியல் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழே படித்தாள். கோடு போட்ட முருங்கைக்கீரையில் நின்றாள், சுருக்கொப்பத்தைப் பார்த்தாள், கீழே இறங்கினாள். முதல் பக்கத்தில் சொன்னது உண்மை இல்லை என்ற இடத்தில் “எதுக்கு இதெல்லாம் எழுதுனீங்க” என்று எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி முணுமுணுத்தாள். பிறகு ஓரத்தில் எழுதியிருந்ததற்கு வந்தாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றி, தாளை மடித்து ஷகிலா பானுவிடம் கொடுத்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் என்னிடமிருந்து முகத்தைத் திருப்பியதில்லை, கோபத்தில் திருப்புவது எல்லாம் நான்தான். கீரை இல்லாததையும், வடித்ததையும் அவள் மன்னித்து எத்தனையோ நாள் ஆகியிருக்கும். இதை அவள் அறிந்திருக்கவில்லை. அவள் கழுத்தில் நரம்பு துடிப்பது தெரிந்தது, நான் எண்ண ஆரம்பித்து, பயந்து, நிறுத்திவிட்டேன்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே, “டாக்டர்” என்று கூப்பிட்டாள். அவர் திரும்பினார். “வீட்டுக்குப் போனப்புறம் அவரே சமைக்கலாம்ல? அத நிறுத்தச் சொல்லிடாதீங்க. அதுவும் இல்லேன்னா அவரு பகல்ல என்ன பண்ணுவாரு.” டாக்டர் என்னைப் பார்த்தார், சிஸ்டர் பார்த்தாள், அந்தச் சின்னப் பெண் தாளைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். “தாராளமா சமைக்கட்டும்மா” என்றார் அவர். கோமளா சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.